மதுரையில் அனுபவமுள்ள நரம்பியல் டாக்டர் யார்? தங்கைக்கு வலிப்பு, வழி சொல்லுங்கள்

செக்கானூரணி:

மதுரைப் பக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். தங்கைக்கு 18 வயது. மதுரையில் காலேஜ் முதல் வருடம், ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க சொந்தக்காரர்களோடு போய் ராத்திரி முழுக்க முழித்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்தவள் பல் தேய்க்கும்போது அப்படியே விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்து ரத்தம். அம்மா சாவியைக் கையில் திணித்தார்கள்.

அப்புறம் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தலைக்கு ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஒழுங்காகப் போடுகிறாள். ஆனாலும் மறுபடி வந்துவிட்டது. அம்மா கோயிலில் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதை நான் தடுக்கவில்லை. அப்பா பெங்களூர் கூட்டிப் போகலாம் என்கிறார். எங்களுக்கு மதுரையிலேயே நல்ல அனுபவமுள்ள நியூரோ டாக்டர் கிடைத்தால் போதும். காப்பீட்டு அட்டை இருக்கிறது. யாரிடம் காட்டலாம்? தயவுசெய்து பேர் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தம்பி, பேர் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எங்கள் அத்தைக்குப் பக்கவாதம் வந்தபோது பார்த்தவர் தெய்வம் மாதிரி பார்த்தார், ஆனால் அவர் வலிப்பு அதிகம் பார்ப்பவரா என்று எனக்குத் தெரியாது. இடம் சொல்கிறேன். அரசு ராஜாஜி மருத்துவமனை, அதாவது நம் பெரியாஸ்பத்திரி, அங்கே நரம்பியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தனியாரில் மீனாட்சி மிஷன், அப்பல்லோ, வேலம்மாள் ஆகிய எல்லாவற்றிலும் நரம்பியல் டாக்டர்கள் இருக்கிறார்கள். கே.கே.நகர், அண்ணாநகர் பக்கம் தனியாக கிளினிக் வைத்திருப்பவர்களும் உண்டு. இதில் யார் உங்கள் தங்கைக்குச் சரியானவர் என்பதை இங்கே ஒரு பேரைப் போட்டுத் தீர்க்க முடியாது.

மேலூர் வாத்தியார்:

முதலில் போர்டில் இருக்கும் படிப்பைப் பாருங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன், ஏனென்றால் "நரம்பு ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் நரம்பியல் படித்தவர்கள் இல்லை.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதற்கு மேல் எம்.டி. பொது மருத்துவமோ குழந்தைகள் மருத்துவமோ மூன்று வருடம், அதற்கும் மேல் மூன்று வருடம் டி.எம். நியூராலஜி. இந்த டி.எம். இருக்கிறதா என்று பாருங்கள். டி.என்.பி. நியூராலஜி என்று போட்டிருந்தாலும் சரிதான், அதை இப்போது டி.ஆர்.என்.பி. என்கிறார்கள். எம்.சிஎச். நியூரோ என்று இருந்தால் அவர் ஆபரேஷன் செய்கிறவர். தலையில் அடிபட்டால், கட்டி இருந்தால், முதுகுத்தண்டு டிஸ்க் நசுங்கினால் அவரிடம் போக வேண்டும். வலிப்பு, கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி, பக்கவாதம் இதெல்லாம் டி.எம். பார்க்கிறது. காலில் சுருட்டிக்கொண்ட ரத்தக்குழாய்க்கு நியூரோ டாக்டரிடம் டோக்கன் போட்டு அரை நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருபவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதற்கு ரத்தநாள அறுவை டாக்டர் தனி.

சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பேரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம். சீட்டிலேயே பதிவு எண் அச்சடித்திருக்க வேண்டும்.

ஸ்டாஃப்நர்ஸ் அக்கா:

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் வார்டில் ரொம்ப காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதனால் இன்ன வியாதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் சில விஷயம் கேட்கத் தோன்றுகிறது.

ராத்திரி முழுக்க முழித்திருந்தது, காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் வலிப்பு. இந்த இரண்டையும் நீங்கள் திருவிழாக் கதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், டாக்டருக்கு அதுதான் விஷயமே. இன்னும் சொல்லுங்கள். வலிப்பு வராத நாட்களிலும் காலையில் எழுந்ததும் அவளுக்குக் கையோ தோளோ திடீரென்று வெட்டுகிறதா? டம்ளர், சீப்பு, செல்போன் மாதிரி ஏதாவது கையிலிருந்து தெறித்து விழுகிறதா? ஒரு சில நொடி பேச்சு நின்று வெறித்துப் பார்க்கிறாளா? டிவி, மொபைல் வெளிச்சம், பஸ் ஜன்னலில் மரம் மரமாக வெயில் பட்டு பட்டு மறையுமே, அந்த மாதிரி நேரத்தில் ஏதாவது ஆகிறதா? வலிப்பு வருகிற அன்று மாதவிலக்குச் சமயமா? வீட்டில், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது சின்ன வயதில் வலிப்பு இருந்ததா? போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரை பேர் என்ன?

இன்னொன்று, மறுபடி வந்தால் சாவி கொடுக்காதீர்கள். இரும்பைப் பிடித்ததால் வலிப்பு நிற்பதில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகத்தான் நிற்கிறது, அந்த நேரத்துக்குள் சாவியைத் தேடி எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள், தலைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். மணி பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலேயே அடுத்தது வந்தால் உடனே 108.

செக்கானூரணி:

அக்கா, நீங்கள் கேட்டதைத் தங்கையிடம் கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வலிப்பு வருவதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே காலையில் கை வெட்டுமாம். காபி டம்ளரை எத்தனையோ தடவை கீழே போட்டிருக்கிறாள், அம்மா "கையில பிடிமானமே இல்ல, பராக்குப் பாத்துக்கிட்டு" என்று திட்டுவார்கள். ஒரு தடவை தோசைக் கரண்டி பறந்து போய்ச் சுவரில் பட்டது. நாங்கள் யாரும் இதையும் வலிப்பையும் சேர்த்து யோசிக்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகு காலையில் அந்த வெட்டு ஜாஸ்தியாகி இருக்கிறது என்கிறாள். மாத்திரை பேர் கார்பமாசெபின். அதை நிறுத்திவிடலாமா?

ஸ்டாஃப்நர்ஸ் அக்கா:

நிறுத்தவே கூடாது தம்பி, நீங்களாக ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து ஐசியூ வரைக்கும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

காலையில் கை வெட்டு, தூக்கம் கெட்டால் வலிப்பு, பதின்வயதில் ஆரம்பம், ஸ்கேன் சுத்தம். இந்தச் சேர்மானத்துக்கு நரம்பியல் டாக்டர்கள் ஜே.எம்.இ. (ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி) என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், அபூர்வமான வியாதி ஒன்றும் இல்லை. அதுதானா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏன் இதை எழுதுகிறேன் என்றால், வலிப்பில் பல வகை இருக்கிறது, ஒரு வகைக்கு நன்றாகக் கேட்கிற மாத்திரை இன்னொரு வகையைக் கிளப்பிவிடும். கார்பமாசெபின், பெனிடாயின் இரண்டும் மூளையின் ஒரு இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்புக்கு நல்ல மருந்துகள், ஆனால் இந்த மாதிரி காலை வெட்டு இருப்பவர்களுக்கு அதை அதிகமாக்கலாம். அதனால் எந்த வகை என்று பிடிப்பதுதான் முதல் வேலை, அது ஸ்கேனில் தெரியாது, கேட்டால்தான் தெரியும். அனுபவமுள்ள டாக்டர் என்று நான் சொல்வது அந்தக் கேள்வியைக் கேட்கிறவரை. வழுக்கை விழுந்திருக்கிறதா, காரில் வருகிறாரா என்பதெல்லாம் அப்புறம்.

போகும்போது வலிப்பை நேரில் பார்த்தவர் கட்டாயம் கூடப் போக வேண்டும், உங்கள் அம்மா வரட்டும். தங்கைக்கு அந்த நேரம் எதுவும் நினைவிருக்காது. வலிப்பு வரும்போது ஒருவர் தங்கையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் செல்லில் வீடியோ எடுத்து வைத்தால் பத்து நாள் டெஸ்டில் கிடைக்காதது அதில் கிடைத்துவிடும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, ஒரு கையில் ஆரம்பிக்கிறதா இரண்டிலுமா, டாக்டர் அதைத்தான் பார்ப்பார். காலையில் கை வெட்டுவதையும் எடுங்கள். பழைய ஸ்கேன் ஃபிலிம், ரிப்போர்ட் மட்டுமில்லாமல் படம் பதிந்த சிடி இருந்தால் அதுவும், எல்லாச் சீட்டும், மாத்திரை அட்டையும்.

சிம்மக்கல்:

எனக்கே வலிப்பு உண்டு, ஸ்கூல் படிக்கும்போது வந்தது, இப்போது கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு கடை வைத்திருக்கிறேன். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பேர் வேண்டாம். உள்ளே போனதும் டாக்டர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அப்பா பேச ஆரம்பிப்பதற்குள் எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற இ.இ.ஜி., ரத்தம் என்று எழுதிவிட்டார். எல்லாம் எடுத்துக்கொண்டு போனால் "நார்மல்தான், இதைப் போடுங்க" என்று இரண்டு வகை மாத்திரை. தூங்கி வழிந்தே ஒரு பரீட்சை போனது. அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனோம். அவருடையது மாடியில் சின்ன கிளினிக், ஏசி கூட இல்லை. என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் தனியாகக் கேட்டார், அப்புறம் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார். வலிப்பு வருமுன் வயிற்றில் ஏதோ எழும்புகிற மாதிரி இருக்குமா, கெட்ட வாடை வருமா என்று கேட்டார், எனக்கு அது இருந்தது, அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண்ணுக்குள் ஒரு சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார், முட்டியில் சுத்தியலால் தட்டினார், ஒரே கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னார். அதே எம்.ஆர்.ஐ. ஃபிலிமைத் தானே விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, இதில் பார்க்க வேண்டிய இடத்தை மெல்லிய அடுக்கு அடுக்காகப் படம் எடுக்கவில்லை, வலிப்புக்கென்று தனி முறையில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதில்தான் காரணம் தெரிந்தது. ரெண்டு மாத்திரையும் ஒன்றானது.

அதனால் செக்கானூரணி நண்பா, இ.இ.ஜி. நார்மல் என்று வந்தால் வலிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது எடுக்கிற அந்த அரை மணி நேரத்தைத்தான் காட்டும்.

வைகைக்கரை:

உங்கள் டாக்டர் பேர் சொல்லலாமே?

சிம்மக்கல்:

அவர் இப்போது பார்ப்பதில்லை, அதனால்தான் சொல்லவில்லை. பேர் சொல்லி என்ன ஆகப் போகிறது, இப்போது இருப்பவரில் அப்படிக் கேட்கிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

உசிலம்பட்டி மாமா:

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், அவசரம். பெரியப்பாவுக்கு இன்று காலை எழுந்ததிலிருந்து வலது கை தூக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. மதுரையில் நல்ல நியூரோ டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்க யாரைப் பிடிக்கலாம்?

ஸ்டாஃப்நர்ஸ் அக்கா:

அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாத அறிகுறி என்று சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுகிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மதுரை பெரியாஸ்பத்திரியில் உண்டு, பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. எண்ணெய் தேய்க்க, கை காலை உருவிவிட, நாட்டு மருந்து கொடுக்க யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும். ஆஸ்பிரின் மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக நன்றாக இருந்ததை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு போங்கள். ராத்திரி எழுந்து பாத்ரூம் போனாரா, அப்போது நன்றாக இருந்தாரா? அந்த ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு ரத்தக்கட்டியை எடுக்கிற சிகிச்சை ஆறு மணி நேரம், சிலருக்கு ஸ்கேனைப் பார்த்து 24 மணி நேரம் வரைக்கும் கூடச் செய்கிறார்கள். அதனால் எழும்போதே இப்படி இருந்தது, நேரம் போய்விட்டது என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். கிளம்புங்கள்.

உசிலம்பட்டி மாமா:

வண்டி வந்துவிட்டது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பெரியம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார், அப்போது நன்றாகப் பேசினாராம். எழுதிக்கொண்டேன்.

மேலூர் வாத்தியார்:

இந்தப் பெரியவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முகம் கோணுதல், கை விழுதல், பேச்சு குழறல் இதற்கெல்லாம் யார் கெட்டிக்கார டாக்டர் என்று விசாரிக்கிற நேரமே கிடையாது. விசாரிக்கிற வேலை மற்ற வியாதிகளுக்கு.

அக்காவிடம் எனக்கும் ஒரு கேள்வி. என் அப்பாவுக்குக் கை நடுக்கம். உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ உருட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது, டம்ளரை எடுக்கப் போனால் குறைகிறது. நடக்கும்போது அந்தக் கையை வீசுவதில்லை. கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிவிட்டது. வயசுக் கோளாறு என்கிறார்கள்.

ஸ்டாஃப்நர்ஸ் அக்கா:

வாத்தியாரையா, நீங்கள் கவனித்த விதமே டாக்டருக்குப் பாதி வேலை. சும்மா இருக்கும்போது ஆடுகிற கையும், ஒரு பொருளை எடுக்கும்போது ஆடுகிற கையும் வேறு வேறு. டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போது நடுங்குவது பெரும்பாலும் பரம்பரையாக வருகிற வேறொரு நடுக்கம். உங்கள் அப்பாவுடையது பார்க்கின்சன் பக்கம் போகிற மாதிரி தெரிகிறது, அதனால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் போகும் முன் வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். தலைசுற்றலுக்கு என்று சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் மாதிரி மாத்திரையை மாதக்கணக்கில் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாரா? வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு? வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளாலேயே அச்சு அசல் பார்க்கின்சன் மாதிரி வருவது உண்டு. நல்ல டாக்டர் என்றால் முதலில் அந்த டப்பாவைத்தான் கேட்பார்.

மேலூர் வாத்தியார்:

தலைசுற்றல் மாத்திரை போடுகிறார்தான், இரண்டு வருடமாக! அட்டையை எடுத்து வைத்துவிட்டேன், அதைக் காட்டிவிட்டே மற்றதைப் பேசுகிறேன்.

அண்ணாநகர் வாசி:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தலைவலி, குனிந்தால் ஜாஸ்தி, நடுநடுவே கண் சில நொடி இருட்டும். கண்ணாடி மாற்றலாம் என்று அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1976-ல் 11 படுக்கையோடு இதே அண்ணாநகரில் ஆரம்பித்த இடம், அங்கே கண் நரம்புக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, கண் நரம்பு வீங்கியிருக்கிறது, கண்ணாடிப் பிரச்சினை இல்லை, இன்றைக்கே நியூரோ டாக்டரைப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்தார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற நீரின் அழுத்தம் கூடியிருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார்கள். அந்தக் கடிதத்தோடு போனதால் நியூரோ டாக்டர் எங்களைக் காக்க வைக்கவே இல்லை. அதனால் தலைவலியோடு பார்வை மங்கினால் கண் டாக்டரும் ஒரு நல்ல வாசல்.

திருப்பரங்குன்றம்:

செக்கானூரணி தம்பி, எல்லோரும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் பெங்களூர் நிம்ஹான்ஸ்தான் சொல்வேன். இல்லாவிட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா. வலிப்புக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறார்கள். மதுரையில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிம்மக்கல்:

அண்ணே, அந்த இரண்டு இடமும் பெரிய இடங்கள்தான், மறுப்பில்லை. ஆனால் யாருக்கு? மாத்திரை இரண்டு மூன்று சரியான அளவில் மாற்றி மாற்றிப் போட்டும் நிற்காதவர்கள், ஆபரேஷன் செய்யலாமா என்று நாள்கணக்கில் வீடியோவோடு இ.இ.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள், அவர்கள்தான் போக வேண்டும். பார்க்கின்சனில் மூளைக்குள் மின்கம்பி வைக்கிற சிகிச்சைக்கும் போகலாம். இந்தப் பிள்ளைக்கு இன்னும் சரியான மாத்திரையே ஆரம்பிக்கவில்லை. வலிப்புக்கு வருடக்கணக்கில் ஒரே டாக்டரிடம் போய் வர வேண்டும், அளவு கூட்ட, குறைக்க, காய்ச்சல் வந்தால் கேட்க. ஒவ்வொன்றுக்கும் ராத்திரி ரயிலேற முடியுமா? மதுரையில் பார்ப்பவரே தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து அனுப்பி வைப்பார். கடிதமில்லாமல் புது ஆளாகப் போய் நிற்பதை விட அது எவ்வளவோ மேல்.

திருப்பரங்குன்றம்:

சரி, இதில் நியாயம் இருக்கிறது. நான் என் அண்ணன் மகனை வைத்துச் சொன்னேன், அவனுக்கு மாத்திரை கேட்காமல்தான் அங்கே போனோம்.

ஸ்டாஃப்நர்ஸ் அக்கா:

செக்கானூரணி தம்பி, பெரியாஸ்பத்திரி போவதென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காலையில் வெள்ளனப் போய் ஓபி சீட்டுப் போட்டுவிடுங்கள், நரம்பியல் ஓபி எந்தெந்தக் கிழமை என்று முன்னாடியே யாரையாவது விட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். யூனிட் யூனிட்டாகப் பார்ப்பார்கள், முதல் தடவை எந்த யூனிட்டோ அடுத்த தடவையும் அதே கிழமை போனால் அதே சீஃப் பார்ப்பார், அதை விடாதீர்கள். முதலில் ஒரு இளம் டாக்டர் உட்கார்ந்து கேட்பார். பலர் "சின்னப் பையன் பாக்குறான், பெரிய டாக்டர் பாக்கல" என்று கோபித்துக்கொள்கிறார்கள். அவர் எம்.டி. முடித்துவிட்டு டி.எம். படித்துக்கொண்டிருப்பவராக இருக்கும். 1954-லிருந்து நடக்கிற மதுரை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது, அங்கே படிக்கிறவர் முழுக் கதையையும் கேட்டு எழுதி, சீஃப்பிடம் ஒப்பித்து, அவர் குறுக்குக் கேள்வி கேட்டு, அப்புறம்தான் முடிவு. ஒரு நோயாளியை இரண்டு மூன்று பேர் யோசிக்கிற அந்த வசதி காசு கொடுத்தாலும் சில இடத்தில் கிடைக்காது. கூட்டம் இருக்கும், உட்கார இடம் இருக்காது, அதற்குத் தயாராகத்தான் போக வேண்டும்.

பெண்பிள்ளை என்பதால் இன்னொன்று. வேல்புரோயேட் என்று ஒரு மாத்திரை, இந்த வகைக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குக் குறை உண்டாக்கக்கூடியது. கல்யாண வயதை நெருங்குகிற பெண்ணுக்கு எழுதும்போது நல்ல டாக்டர் அதைப் பேசாமல் எழுத மாட்டார். அவர் பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

செக்கானூரணி:

அக்கா, சிம்மக்கல் அண்ணே, எல்லோருக்கும் கும்பிடு. போய்விட்டு வந்தோம். ஆரப்பாளையத்தில் இறங்கி கோரிப்பாளையம் டவுன் பஸ் பிடித்து, எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றோம். அக்கா சொன்ன மாதிரியே முதலில் ஒரு இளம் டாக்டர், பெண். அம்மாவிடம் கேட்டார், தங்கையிடம் கேட்டார், வீடியோ பார்த்தார். காலையில் கை வெட்டுவது வீடியோவில் ஒரு நொடிதான் இருக்கிறது, டம்ளரில் இருந்த தண்ணீர் அப்படியே சட்டையில் கொட்டுகிறது. அதை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு செல்லை எடுத்துக்கொண்டு நேராக சீஃப்பிடம் போனார். சீஃப் வந்து தங்கையைப் பார்த்து முதலில் கேட்டதே "டம்ளர் எத்தன உடைச்சிருக்கம்மா?" என்பதுதான். அம்மா அழுதுவிட்டார்கள்.

இ.இ.ஜி.க்கு மறுநாள் வரச் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும், ராத்திரி பாதித் தூக்கம்தான் தூங்க வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. தலையெல்லாம் பசை வைத்து வயரை ஒட்டி, விளக்கைப் பளிச் பளிச்சென்று அடித்து, மூச்சை வேகமாக இழுத்து விடச் சொல்லி எடுத்தார்கள். அதில் தெரிந்துவிட்டது. அக்கா சொன்ன அதே வகைதான். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே லெவெடிராசிடம் ஆரம்பித்திருக்கிறார்கள். எரிச்சல், கோபம் அதிகமானால் உடனே வந்து சொல்லணும் என்றார்கள். தூக்கம் கட்டாயம், ராத்திரி மொபைல் கூடாது, ஆறு கிணறு பக்கம் தனியாகப் போகக் கூடாது, பாத்ரூமில் தாழ்ப்பாள் போடக் கூடாது, ஸ்கூட்டி இப்போதைக்கு வேண்டாம். பல வருடம், ஒருவேளை வாழ்நாள் முழுக்க மாத்திரை இருக்கலாம், ஆனால் படிப்பு, வேலை எதற்கும் தடை இல்லை என்றார்கள். அவளிடமே சொன்னார்கள், எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

உசிலம்பட்டி மாமா:

பெரியப்பா வார்டில் இருக்கிறார். ஊசி போட்டார்கள். கை கொஞ்சம் தூக்குகிறார், பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை, பிசியோதெரபி ஆரம்பித்திருக்கிறார்கள். டாக்டர் முதலில் கேட்டது அந்த நாலு மணிக் கணக்குதான்.

சோழவந்தான் அம்மா:

செக்கானூரணி தம்பி, ஒரு தாயாகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கும் இதே மாதிரி ஒரு பெண் இருக்கிறாள், பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். பின்னால் தெரிந்தால் கோர்ட்டுக்குப் போய் அறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நியூரோ டாக்டரிடம் இதையெல்லாம் கேட்கலாமா?

மேலூர் வாத்தியார்:

அம்மா, சட்டத்தைப் பொறுத்தவரை, இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்தை ரத்து செய்ய வலிப்பு ஒரு காரணமாக இருந்தது உண்மை. 1999-ல் திருத்தம் கொண்டு வந்து அதை நீக்கிவிட்டார்கள். வலிப்பு இருக்கிறது என்பதாலேயே கல்யாணம் செல்லாது என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் மறைத்துக் கட்டி வைப்பது வேறு விஷயம், ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட அது இடம் கொடுக்கும். அதற்கு மேல் மாமியார் வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டு ஒரு வேளை விட்டால் உங்கள் பெண்ணுக்குத்தான் ஆபத்து.

சிம்மக்கல்:

அம்மா, எனக்குப் பெண் பார்க்கும்போது நானே சொன்னேன். இரண்டு இடம் தட்டிப் போனது. மூன்றாவது இடத்தில் பெண்ணின் அப்பா என் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார், கூட்டிப் போனேன், அவர் கால் மணி நேரம் பேசினார், அவ்வளவுதான். டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாத்திரையை மாற்ற வேண்டுமா, ஃபோலிக் ஆசிட் எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பமான பிறகு மாற்றுவது சிரமம்.

செக்கானூரணி:

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குத்தான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நடுவில் தீர்ந்து போய், அன்றைக்கு எங்களால் போக முடியாவிட்டால்?

ஸ்டாஃப்நர்ஸ் அக்கா:

தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாடியே போங்கள். எப்போதும் பத்து நாளைக்கான மாத்திரை வீட்டில் கைவசம் இருக்கட்டும். அவசரத்துக்கு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள், வெளிக்கடையை விட விலை குறைவாகக் கிடைக்கும், சீட்டைக் கொண்டு போங்கள். வெளியில் வாங்கினால் ஒரே கம்பெனி மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள், மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுவிடலாம், அடுத்த வேளை நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். காலேஜ் பையில் ஒரு சீட்டில் அவள் பேர், மாத்திரை பேர், அளவு, உங்கள் செல் நம்பர் எழுதி வைத்துவிடுங்கள், கூடப் போகிற தோழி ஒருத்திக்கு ஒருக்களித்துப் படுக்க வைக்கிற விதத்தைக் காட்டிக் கொடுங்கள்.

செக்கானூரணி:

சரி அக்கா, அவளுடன் தினமும் பஸ்ஸில் வருகிற பெண்ணிடம் இன்று சாயங்காலமே சொல்கிறோம்.